கப்சூல்: கேம் கடையில் ஒரு சிமிழ்

கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தங்கள் கேமை விற்பனைக்கு வைக்கப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொற்களில் ஒன்று கப்சூல். யாழ்ப்பாணத்தில் கப்சூல் என்றால் பார்மசியில் வாங்கும் இரண்டு நிறக் குளிசைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கேம் செய்கிறவர்கள் சொல்லும் கப்சூல் ஒரு படம். கடையின் முதற்பக்கத்தில், தேடல் முடிவில், விலைக்கழிவுப் பட்டியலில், இப்படி எங்கெல்லாம் அந்தக் கேம் தலைகாட்டுகிறதோ அங்கெல்லாம் அதன் பெயரையும் ஒரு காட்சியையும் தாங்கிக்கொண்டு நிற்பது அதுதான். கடைக்குள் சும்மா உலாவுகிற ஆள் அதை அழுத்தினால்தான் கேமின் பக்கத்துக்கே வந்து சேருவார். ட்ரெய்லர், ஸ்கிரீன்ஷாட், விளக்கம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரே ஒரு படத்தோடு வேலை முடியாது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் பல வடிவங்களில் கேட்கிறது: கேம் பக்கத்தின் தலையில் வரும் படுக்கை வடிவம், முதற்பக்கத்தில் பெரிதாகச் சுழன்று வருவது, விற்பனைக் காலங்களில் வரும் நிலைக்குத்து வடிவம், வாங்கியவரின் நூலகத்தில் இருக்கும் 600 × 900 அளவுப் படம், அப்புறம் பட்டியல்களில் வரும் சிறிய கப்சூல். இந்தச் சிறியதுதான் ஆளைச் சோதிப்பது. முன்பு 231 × 87 பிக்சல் அளவில் கேட்டார்கள், பிறகு இரட்டித்து 462 × 174 ஆக்கினார்கள், ஆனாலும் பட்டியலில் அது 120 × 45 வரை சுருங்கித்தான் தெரியும். இட்ச் என்ற இன்னொரு கேம் தளத்தில் இதே வேலையைச் செய்வதற்குக் கவர் என்று பெயர், அங்கே 630 × 500 அளவைப் பரிந்துரைக்கிறார்கள்.

ஆகவே ஒரு கப்சூல் நல்லதா என்று யாராவது கேட்டால் பெரிய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்துச் சொல்லக் கூடாது. சுருக்கிப் பாருங்கள். வேறு பத்துக் கேம்களின் படங்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். பெயர் வாசிக்க முடிகிறதா, யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா, இது எந்த வகைக் கேம் என்று ஊகிக்க முடிகிறதா, இந்த மூன்றுக்கும் அந்த அளவில் பதில் கிடைக்க வேண்டும்.

ஒரு உதாரணம். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் இரவில் மீன் பிடிக்கும் கேம் ஒன்றை எங்கட பெடியள் செய்கிறார்கள் என்று வையுங்கள். வரைகிறவருக்கு எல்லாவற்றையும் வைக்க ஆசை வரும், கோட்டை மதில், பனைகள், நிலவு, வலை, வள்ளத்தில் இரண்டு பேர், துள்ளும் மீன், மேலே மெல்லிய எழுத்தில் பெயர். பெரிதாகப் பார்க்க அழகாகவே இருக்கும். 120 பிக்சல் அகலத்தில் அது வெறும் நீலச் சேறு. அதற்குப் பதிலாக ஒரு வள்ளம், அதில் ஒரு லாந்தர், சுற்றிலும் இருட்டு, தடித்த எழுத்தில் பெயர், அவ்வளவு போதும். லாந்தரின் மஞ்சளும் கடலின் கருநீலமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அடுத்தது வகை. அதே வள்ளத்துக்குக் கீழே தண்ணீருக்குள் வெளிறிய ஒரு முகத்தை வைத்தால் அது பேய்க் கேம், லாந்தரை விட்டுவிட்டு மாலை வெயிலையும் சிரித்த முகத்தையும் வைத்தால் ஆறுதலாக விளையாடும் கேம். கேம் என்ன என்று தெரியாமல் எந்தப் படம் நல்லது என்று சொல்லவே முடியாது. வடிவாயிருக்கு என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறவர்களால் செய்தவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஸ்கிரீன்ஷாட் ஒன்றை வெட்டி அதன் மேல் பெயரை ஒட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. விளையாடும்போது நல்லாயிருக்கும் காட்சி, கண் அங்குமிங்கும் போய்வருவதற்காக அமைத்தது. கப்சூலில் கண்ணுக்கு அந்த நேரம் இல்லை. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், மற்ற எதையும் விட முதலில் இதற்கு ஒரு ஓவியரைப் பிடியுங்கள் என்பேன்.

எழுத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பெல்லாம் விமர்சனப் புள்ளிகள், விருதுப் பெயர்கள், இவ்வளவு வீதம் கழிவு என்ற கூவல் எல்லாம் கப்சூலின் மேலேயே ஏறியிருந்தன. 2022 செப்டெம்பர் 1 முதல் வால்வ் அதை நிறுத்தியது: கேமின் பெயரும் அதன் உபதலைப்பும் தவிர வேறு எழுத்து வழமையான கப்சூலில் வரக் கூடாது. நல்ல விதி. படம் படமாகவே வேலை செய்ய வேண்டி வந்தது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் கப்சா என்றால் பெட்டி. குறிப்பாக, ரோமர்கள் சுருட்டிய ஏடுகளைப் போட்டுத் தூக்கிச் செல்லும் உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். அதன் சிறுமை வடிவம் கப்சுலா, சின்னப் பெட்டி. கப்சாவின் வேர் கபெரே என்ற வினை, பிடித்தல், கைப்பற்றுதல், கொள்ளுதல் என்று அதற்குப் பொருள். மருந்துக் கப்சூல், விண்வெளி வீரர் இருக்கும் கப்சூல், சில காய்களின் கப்சூல் எல்லாம் இந்தச் சின்னப் பெட்டியின் பிள்ளைகள். ஜெலற்றின் கூட்டுக்குள் மருந்தை அடைக்கும் வழக்கம் 1830களில் பிரான்சில் தொடங்கியது. பெட்டி என்ற பொருளில் வரும் ஆங்கிலக் கேஸ் என்ற சொல்லும் கப்சாவின் வழிதான். பணம் என்ற பொருளில் வரும் கேஷ் கூட, காசுப் பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல் வழியாகக் கப்சாவிடம் போய்ச் சேரும். கேஷ் நம் காசிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயங்களை ஆங்கிலேயர் கேஷ் என்றார்களே, அந்தக் கேஷ்தான் காசிலிருந்து போர்த்துக்கேயர் வாய் வழியாகப் போனது. உருவம் ஒன்று, பிறப்பு வேறு.

தமிழில் என்ன சொல்லலாம்? அட்டைப்படம் என்பதுதான் முதலில் வாயில் வரும். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை இதழின் அட்டைப்படத்தை, அதில் வந்த எழுத்தாளர்கள், கலைஞர்களின் முகங்களை, வாசித்து வளர்ந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அட்டைப்படத்தின் நிலைமை வேறு. புத்தகத்தைக் கையில் எடுக்கலாம், பின்னட்டையைப் பார்க்கலாம், நடுவில் புரட்டலாம். 1977இல் வந்த அட்டாரி 2600 என்ற கேம் கருவியின் கேம் பெட்டிகளுக்கும் அப்படித்தான். உள்ளே சதுரக் கட்டங்கள் நகரும், பெட்டியின் மேல் பெரிய வர்ண ஓவியம் இருக்கும், கடையில் நின்று பெட்டியைத் திருப்பிப் பார்க்க முடியும். கப்சூலுக்குப் பின்பக்கம் கிடையாது. முகப்புப்படம் என்றும் சிலர் எழுதலாம். முகப்பு அருமையான சொல், வீட்டுக்கும் சங்கிலிக்கும் யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்வதுதான், ஆனால் இணையத்தில் முகப்பு ஏற்கனவே தளத்தின் முதற்பக்கத்துக்குப் போய்விட்டது. முகப்பில் வரும் முகப்புப்படம் என்று எழுதினால் குழப்பம்தான். உறை என்றால் கடித உறையும் தலையணை உறையும் முன்னால் வந்து நிற்கும்.

எனக்குப் பொருந்துவது சிமிழ். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்புக்கும் சந்தனத்துக்கும் பக்கத்தில் இருக்கிற குங்குமச் சிமிழை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சின்னப் பெட்டி, மூடி உள்ளது, உள்ளே ஒன்று இருக்கிறது. கப்சுலாவின் நேர்ப்பொருள். இதைவிட இன்னொன்றும் இருக்கிறது: சிமிழ்த்தல் என்று தமிழில் ஒரு பழைய வினை உண்டு, கட்டுதல், அகப்படுத்துதல் என்று பொருள். கபெரேயும் கப்சுலாவும் லத்தீனில் நிற்கிற மாதிரியே சிமிழ்த்தலும் சிமிழும் தமிழில் நிற்கின்றன. பார்க்கிறவரின் கண்ணைப் பிடிப்பதும் கேமை உள்ளே கொண்டிருப்பதும் இந்தப் படத்தின் இரண்டு கடமைகள், இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

அந்த வினை திருக்குறளிலும் வருகிறது, கூடா ஒழுக்கம் அதிகாரத்தில், 274ஆம் குறளில்: 'புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று'. தவக்கோலத்துக்குள் ஒளிந்து தீமை செய்வது, வேடன் புதருக்குள் மறைந்திருந்து பறவையைப் பிடிப்பது போன்றது என்கிறார் வள்ளுவர். கப்சூலை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய நாலாவது கேள்வி இங்கே கிடைக்கிறது. படம் சொல்வது உள்ளே இருக்கிறதா? உள்ளே இருப்பது பிக்சல் உருவங்கள் மெல்ல நடக்கும் புதிர்க் கேம், வெளியே வாள் ஏந்திய வீரனும் வெடித்துச் சிதறும் நெருப்பும் என்றால் ஆட்கள் வருவார்கள், வாங்குவார்கள், விளையாடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காசைத் திருப்பிக் கேட்பார்கள். ஸ்டீமில் 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் அப்படிக் கேட்கலாம். கோபத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் அதற்குப் பிறகும் அங்கேயே கிடக்கும்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை இருக்கிறது. நம் எழுத்துகளில் சுழியும் கொம்பும் அதிகம். ழ, ஞ, ணை போன்றவை சுருங்கும்போது உள்ளிடம் அடைபட்டுப் போகும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், புள்ளி போனால் சொல்லே மாறும். நீளமான பெயரை ஒரே வரியில் போடாமல் இரண்டு வரியாக உடையுங்கள். எழுத்தின் தடிப்பைக் கூட்டும்போது சுழிகளின் உள்வெளியையும் சேர்த்துக் கூட்டுங்கள். கணினியில் கிடக்கும் எழுத்துருவை அப்படியே போடாமல் பெயரைக் கையால் வரைவித்தால் இன்னும் நல்லது.

வகைகளுக்கும் பெயர் சுலபமாக வரும்: சிறு சிமிழ்ப்படம், தலைச் சிமிழ்ப்படம், முதன்மைச் சிமிழ்ப்படம், நிலைச் சிமிழ்ப்படம், நூலகச் சிமிழ்ப்படம். பேச்சில் படத்தை விட்டுவிட்டு வெறும் சிமிழ் என்றாலே விளங்கும். 'உங்கட சின்னச் சிமிழில பேர் தெரியேல்லை, பின்னால இருக்கிற பனையை எடுத்துப்போட்டுத் திரும்ப அனுப்புங்கோ' என்று ஒருவருக்கு எழுதிப் பாருங்கள், எங்கேயும் இடறாது.