வீட்டில் அதிர்ந்த பேஸ் மேடையில் எங்கே போனது?

ஆக்டிவ் பேஸ் கிடார், அதாவது உள்ளே பேட்டரியில் ஓடும் டோன் சுற்று உள்ள பேஸ் கிடார், வாங்கிய புதிதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி வெகுநேரம் அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தேன். அடி ஒலிக்கான பேஸ் குமிழை முழுசாக ஏற்றி, நடு ஒலிக்கான மிட்டை நன்றாக இறக்கி, உச்ச ஒலிக்கான ட்ரெபிளையும் ஏற்றியபோது ஜன்னல் கம்பி முனகியது. இதுதான் நம் டோன் என்று முடிவு செய்து, அதே அமைப்போடு ஒரு கோயில் திருவிழா மேடையில் ஏறினேன். டிரம்ஸ், டோலக், ரிதம் பேட், இரண்டு கீபோர்டு, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்ட லீட் கிடார், இவற்றுக்கு நடுவே நான். முதல் பாட்டு முடிந்ததும் மிக்சரில் இருந்த அண்ணன் மேடைக்கே வந்துவிட்டார். "தம்பி, கும்முகும்முன்னு குமுறுது. ஆனா நீ என்ன வாசிக்கிறேன்னு ஒண்ணும் விளங்கலப்பா."

கேட்கவில்லையா, இன்னும் ஏற்று. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிடாரில் ஏற்ற இடமில்லை என்பதால், சிக்னலைப் பெருக்கும் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) ஏற்றினேன். குமுறல் கூடியது, சுரம் இன்னும் காணாமல் போனது.

பேஸைக் கூட்டக் கூட்ட பேஸ் கிடார் ஏன் மறைகிறது என்று புரிந்துகொள்ள, முதலில் அந்தக் குமிழ்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் பேட்டரி கிடையாது. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று (ஸ்ட்ரிங்கின் அதிர்வைச் சிக்னலாக்கும் இதுதான் பிக்கப்), ஒரு வால்யூம், ஒரு டோன். அந்த டோன் குமிழால் எதையும் கூட்ட முடியாது, உச்ச ஒலிகளைத் தரையில் வடித்துவிட மட்டுமே முடியும். போதாததற்கு கேபிளும் அதே வேலையைச் செய்யும். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் கொண்ட கேபிளை நீளமாகப் போட்டாலே ட்ரெபிள் மங்கிவிடும்.

கால் நூற்றாண்டு கழித்து, 1976-ல், மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே பேஸ் வந்தது. டாம் வாக்கரோடு சேர்ந்து அதையும் உருவாக்கியவர் அதே லியோ ஃபெண்டர்தான். கிடாரின் உடலுக்குள்ளேயே ஒரு குட்டி ப்ரீஆம்ப், அதை ஓட்ட 9 வோல்ட் பேட்டரி ஒன்று. பிக்கப்பின் பலவீனமான சிக்னலை ப்ரீஆம்ப் கையில் வாங்கி, வலுவாக்கி அனுப்புவதால் கேபிளின் நீளம் பெரிய பொருட்டில்லை. அதைவிட முக்கியம், இதில் குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். பீட்டர் பாக்சண்டால் 1952-ல் வெளியிட்ட டோன் சுற்றின் வழிவந்தவைதான் இன்றைய பல ப்ரீஆம்ப்களும். குமிழ் நடுவில் 'டக்' என்று சிக்கும் இடம் ஃபிளாட், கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. அங்கிருந்து இரு பக்கமும் 12 டெசிபல், சிலவற்றில் 15 டெசிபல் வரை போகலாம்.

12 டெசிபல் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். 3 டெசிபல் கூட்டினால் சக்தி இரு மடங்கு, 12 கூட்டினால் 16 மடங்கு. அடி ஒலிகளுக்கு 20 வாட் செலவழித்துக்கொண்டிருந்த ஆம்பிடம், குமிழை முழுசாகத் திருகிவிட்டு 320 வாட் கேட்கிறோம். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற ராட்சத ஆம்பே 300 வாட்தான். அதோடு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு வைத்த, ஃபிரிட்ஜ் அளவு கேபினெட்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். நமக்கு வாடகைக்கு வரும் கேபினெட் அந்தக் கடைசி அடி ஒலிகளைச் சரியாகத் தருவதுகூட இல்லை. கூம்பு முன்னும் பின்னும் தவிக்கும், ஆம்ப் மூச்சு வாங்கும், வெளியே வருவது வெறும் காற்று.

சரி, வீட்டில் மட்டும் எப்படி நன்றாக இருந்தது? அங்கே ஏமாந்தது காது. ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடி ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை. பேச்சுக்குரலைவிடத் தணிந்த 40 டெசிபல் அளவில் கேட்கும் 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சமமாக 40 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால், அதற்கு 40 டெசிபலுக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆனால் 80 டெசிபல் அளவில் இந்த இடைவெளி 25 டெசிபலாகச் சுருங்கிவிடும். அதாவது சத்தம் ஏற ஏறக் காதே தன் பேஸ் குமிழைத் திருகிக்கொள்கிறது. ராத்திரி, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெல்ல வாசிக்கும்போது நாம் கூட்டி வைத்த அடி ஒலி, மேடையில் இரண்டு மடங்கு கணக்கில் வந்து விழும்.

குமுறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சுரம் மறைந்ததற்கு?

கையில் இருக்கும் போனில், பேஸ் கிடார் நன்றாக நடமாடும் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஹெட்போன் வேண்டாம். நான்கு ஸ்ட்ரிங் பேஸின் ஈ ஸ்ட்ரிங் அதிர்வது 41.2 ஹெர்ட்ஸில். போனின் பொடி ஸ்பீக்கரால் அந்த அதிர்வெண்ணை எழுப்பவே முடியாது. ஆனாலும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று காது சொல்லிவிடும். எப்படி? ஸ்ட்ரிங் 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 124, 165, 206 என்று மடங்கு மடங்காக மேற்சுரங்களும் கூடவே வரும். இவற்றுக்கிடையே எங்கும் 41 இடைவெளி இருப்பதைப் பார்த்து மூளை, 'ஓ, அடியில் இருப்பது 41' என்று இல்லாத சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஒலியியலில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான். பேஸ் வாசிப்பவனின் சுரம் பாதி ஸ்பீக்கரில் இருக்கிறது, பாதி கேட்பவர் மண்டைக்குள் இருக்கிறது.

மூளை கணக்குப் போட அந்த மேற்சுரங்கள் காதுக்கு எட்டியாக வேண்டும். மேடையில் சிக்கலே அங்கேதான். காலால் அடிக்கும் கிக் டிரம் அடி ஒலிகளில் உட்கார்ந்திருக்கிறது. கிடாரின் கனத்த ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. டிஸ்டார்ஷன் போட்டால் அதன் மேற்சுரங்கள் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சந்தைக்கூட்டம்போல் நெருக்கியடிக்கும். அதற்கு மேலே சிம்பல்களின் ராஜ்ஜியம். ஒரு ஒலி இன்னொன்றை விழுங்குவதில் ஒரு ஓரவஞ்சனையும் உண்டு: பலமான கீழ் ஒலி தனக்கு மேலே உள்ளதை எளிதாக மறைக்கும், மேல் ஒலியால் கீழே உள்ளதை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது. உள்காதின் சவ்வில் கீழ் ஒலியின் அலை, மேல் ஒலிகளுக்கான இடத்தைக் கடந்துதான் தன் இடத்துக்குப் போகிறது; போகிற வழியில் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டே போகும்.

அப்படியானால் அன்று என் சுரத்தை மறைத்தவன் லீட் கிடார்க்காரன் மட்டுமில்லை. நான் ஏற்றி வைத்த 60 ஹெர்ட்ஸ் குமுறலே என்னுடைய 200, 300 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களை மிதித்தது. மிட்டை இறக்கி வைத்திருந்ததால் அவையும் ஏற்கெனவே நோஞ்சானாக இருந்தன.

அதனால் இப்போது நான் தலைகீழாகச் செய்கிறேன். எல்லாக் குமிழும் 'டக்'கில் இருக்க, டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் திருகுவேன். தனியாக வாசித்துக்கொண்டு டோன் தேடுவது வீண்வேலை. பேஸைக் கொஞ்சம் இறக்குவேன். மிட்டை ஏற்றுவேன், எந்த இடத்தில் என்று தேர்ந்தெடுக்க வசதியிருந்தால் 400-லிருந்து 800 ஹெர்ட்ஸுக்குள் துழாவினால், ஏதோ ஓரிடத்தில் சுரம் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருவது தெரியும். தனியாகக் கேட்டால் அந்த டோன் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். இருக்கட்டும். ட்ரெபிளை ஏற்றினால் சிம்பலோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், அதைத் தொடுவதே இல்லை. இரண்டு பிக்கப் உள்ள கிடார் என்றால் பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கின் ஒரு முனையைக் கிடாரின் உடலில் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்கப்புக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்ட்ரிங்கின் முனைக்கு அருகே மேற்சுரங்கள் அடிப்படையைவிடத் தெளிவாகக் கிடைக்கும்.

அப்புறம் கீபோர்டுக்காரரின் இடது கை. நான் வாசிக்கும் அதே அடிச் சுரங்களை அவரும் அழுத்திக்கொண்டிருந்தால் எந்தக் குமிழும் உதவாது. "அண்ணே, லெஃப்ட் ஹேண்டைக் கொஞ்சம் மேல ஏத்திக்கங்கண்ணே" என்று கேட்பதைவிடச் சிறந்த ஈக்யூ (ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆக்டிவ் கிடாரின் சிக்னல் வலுவானது என்பதால் ஆம்பின் வாசலிலும் கவனம் வேண்டும். பல ஆம்ப்களில் ஆக்டிவ், பாசிவ் என்று இரண்டு உள்ளீடோ ஒரு பொத்தானோ இருக்கும். ஆக்டிவ் என்பது சிக்னலை 10, 15 டெசிபல் குறைத்து உள்ளே விடும் வழி. அதைக் கவனிக்காமல் செருகினால் முதல் படியிலேயே ஒலி கிழியும்.

இடத்துக்கும் இதில் பங்குண்டு. வெக்கையான இரவில் 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். திறந்த மைதானத்தில் அது போனது போனதுதான். சின்ன அறையில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். நான்கு மீட்டர் அகல ஒத்திகை அறையில், சுவர் ஓரம் நிற்பவருக்குக் கீழ் எஃப் சுரம் பூதம்போல் வீங்கும், நடு அறையில் நிற்பவருக்கு அதே சுரம் மெலிந்துவிடும். டோன் சரியில்லை என்று குமிழைத் திருகுவதற்கு முன் இரண்டடி நகர்ந்து நின்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

அன்றைய திருவிழாவில் பேஸை இறக்கி மிட்டை ஏற்றச் சொன்னவர் அந்த மிக்சர் அண்ணன்தான். மூன்றாம் பாட்டில் அவர் கட்டைவிரலை உயர்த்தினார். பத்தாவது பாட்டில் என் ஒலி கரகரத்து, கிழிந்து, அடங்கிப்போனது. பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆக்டிவ் கிடாரில் பேட்டரிக்குத் தனி ஸ்விட்ச் பெரும்பாலும் இருப்பதில்லை. கேபிளைச் செருகினால் ஜாக்கில் உள்ள கூடுதல் தொடர்பு ஒன்று சுற்றை முடித்துவைக்கும், உருவினால் துண்டிக்கும். நான் இரண்டு நாளாகச் செருகியே வைத்திருந்தேன். ராத்திரி பத்தரைக்கு அந்த ஊரில் 9 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? அண்ணன் தன் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார், பின்மூடியைக் கழற்றி அதன் பேட்டரியை என் கையில் கொடுத்தார். மிச்ச கச்சேரி அதில்தான் ஓடியது. காலையில் வேன் ஊரைத் தாண்டிய பிறகுதான், அதைத் திருப்பிக் கொடுக்காதது நினைவுக்கு வந்தது.