சீரிசைச் சுருதிக்கு மாறும் முன்: இசையமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்

இயற்கைச் சுருதிக்கு மாற்றியும் இசை இனிக்கவில்லை, கம்பியும் அறுந்துவிட்டது என்ற முறையீட்டோடு மீண்டும் ஓர் இளம் இசையமைப்பாளர் என்னை அழைத்தார். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். இதே முறையீட்டைப் பலரிடம் கேட்டிருப்பதால், என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமாக இல்லை. சுருதி சேர்க்க அளவுகோலாகக் கொள்ளும் ஏ சுரம் 440-இலிருந்து 432 ஹெர்ட்ஸுக்கு வரும்படி பியானோ முழுவதும் இறக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டையும் ட்யூனர் செயலியின் பச்சை விளக்கை நம்பி, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிக்கும் வழக்கமான முறையிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. 11-ஆம் சீரிசை வேண்டும் என்பதற்காக ஒரு கட்டையின் கம்பிகள் மட்டும் அரைச்சுரத்தில் பாதியளவு மேலே இழுக்கப்பட்டிருந்தன. அறுந்தது அவற்றில் ஒன்று.

ஓர் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் முழு எண் மடங்குகளும் சேர்ந்ததே சீரிசை வரிசை (11 மடங்கில் இருப்பது 11-ஆம் சீரிசை), அந்த மடங்குகளின் விகிதங்களில் சுரங்களை அமைப்பதே சீரிசைச் சுருதி என்பதற்கு மேல் அதை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. ஆனால் இயற்கையின் சுருதி என்று பலர் நம்பும் 432 என்ற எண்ணைப் பற்றிப் பொறுமையாகப் பேசியே ஆக வேண்டும்.

ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடியை வகுத்தவர்கள் மனிதர்கள். அதன் நீளத்தைச் சற்றே மாற்றி வகுத்திருந்தால் அதே ஒலிக்கு வேறோர் எண் கிடைத்திருக்கும். பிரான்சு 1859-இல் 435-ஐச் சட்டமாக்கியது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440-ஐப் பரிந்துரைத்தது. அதையே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1955-இல் ஏற்றது. இவையெல்லாம் வாத்தியங்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கச் செய்துகொண்ட உடன்பாடுகள். 432-க்கு மட்டும் தனியாக ஓர் இயற்கைத் தகுதி எங்கிருந்தும் வந்துவிடவில்லை.

கணக்குப் போட்டே பாருங்கள். 440, 550, 660 ஆகிய மூன்றும் 4:5:6 என்ற விகிதத்தில் அமைந்தவை. 432, 540, 648 ஆகியவையும் அதே விகிதம்தான். இரண்டுமே சீரிசைக்கு முற்றிலும் பொருந்துகின்றன. மாறாக, சமப் பகிர்வில் 440-க்கு உரிய அந்தர காந்தாரம் 554.37. கீழ்ச்சுரத்தின் 5-ஆம் சீரிசை 2200-இலும், மேல்சுரத்தின் 4-ஆம் சீரிசை ஏறத்தாழ 2217.5-இலும் விழுவதால், நொடிக்குப் பதினேழுக்கும் மேற்பட்ட விம்மல்கள், அதாவது ஒலி ஏறி இறங்கும் அலைகள், எழுகின்றன. பியானோவை 432-க்கு இறக்கினால் அந்த விம்மல்கள் ஏறத்தாழ 17.5-இலிருந்து 17.1-ஆகக் குறையும், இத்தனை உழைப்புக்கும் கிடைத்த மாற்றம் அவ்வளவுதான். 440-க்கும் 432-க்கும் இடையே 31.8 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்) என்பதையும், 7-ஆம் சீரிசை சமப் பகிர்வுச் சுரத்தைவிட 31.2 சென்ட் தாழ்ந்தது என்பதையும் அருகருகே வைத்து வாதிடுவோரும் உண்டு. ஒன்று எல்லாச் சுரங்களையும் சேர்த்து நகர்த்துவது, மற்றொன்று ஒரே சுரத்தின் இடம். அந்த எண்கள் நெருங்கியிருப்பது வெறும் தற்செயல்.

காதால் அறிய விரும்பினால், அதிர்வுக் குழைவு எதுவும் இல்லாத ஆர்கன் ஒலி ஒன்றில் 440-ஐயும் 554.37-ஐயும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேல்சுரத்தை மிக மெதுவாக இறக்குங்கள். முதலில் கரகரப்பாகக் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்தனி அலைகளாகப் பிரியும். 551-இல் நொடிக்கு நான்கு அலைகளாகத் தளரும். 550-ஐத் தொட்டதும் அலை நின்று, இரண்டு சுரங்களும் ஒரே ஒலியின் பகுதிகள் போல அமைந்துவிடும். இந்த ஓய்வை ஒருமுறை கேட்டவருக்குச் செயலியின் பச்சை விளக்கு தேவைப்படாது.

அடுத்தது இசையமைப்பு. விகிதங்கள் அனைத்தும் ஓர் அடிப்படைச் சுரத்தைச் சார்ந்தே நிற்பதால், முன்பே எழுதி முடித்த பாடலை அப்படியே எடுத்துச் சீரிசைச் சுருதியில் ஒலிக்கவிட முடியாது. சி மேஜர், ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர், மீண்டும் சி மேஜர் என்ற மிகச் சாதாரணமான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையில், ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் பொதுச் சுரங்களை அசைக்காமல், இடைவெளிகளைத் தூய விகிதங்களிலேயே வைத்தால், தொடங்கிய சுரத்துக்கே திரும்பும்போது சுருதி 21.5 சென்ட் இறங்கியிருக்கும். ஐந்து சுற்று சுற்றினால் ஓர் அரைச்சுரத்துக்கும் மேல் இறங்கிவிடும். ஆகவே ஓர் ஆதார சுருதியில் நிலைத்து நின்று எழுதுங்கள். இல்லையேல் கூடுதல் சுரங்களுக்கு ஆயத்தமாகுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச் ஸ்தாயிக்கு 43 சுரங்கள் வைத்துக்கொண்டு, அவற்றுக்கான வாத்தியங்களையும் தாமே உருவாக்கினார்.

110 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டால் 7-ஆம் சீரிசை 770, 11-ஆவது 1210, 13-ஆவது 1430. சிலர் இவற்றைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி நெருக்கமாக அடுக்கிவிட்டு, இயற்கையானது ஏன் குழம்பி ஒலிக்கிறது என்று கேட்கிறார்கள். வரிசையே கீழே அகன்ற இடைவெளிகளையும் மேலே நெருங்கிய இடைவெளிகளையும் கொண்டது; சுரங்களையும் அந்த இடங்களிலேயே வையுங்கள். 11-உம் 13-உம் பழகாத காதுக்கு அந்நியமாகவே ஒலிக்கும். முதலில் ஆதார சுருதியை நன்றாக ஊன்றவிட்டு, பிறகு அவற்றை நீண்ட சுரங்களாக நுழைப்பதே நல்லது.

எல்லா ஒலிகளும் இந்த வரிசைக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே சீரான தடிமனுள்ள உலோகப் பட்டையைத் தட்டினால் இரண்டாவது அதிர்வு 2 மடங்கில் எழாமல் ஏறத்தாழ 2.76 மடங்கில் எழும். மணி போன்ற ஒலியைத் தேர்ந்துகொண்டு தூய விகிதத்தைத் தேடுவது வீண். பியானோவிலும் கம்பியின் விறைப்பு காரணமாக மேற்சுரங்கள் (அடிப்படையோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகள்) கணக்கைவிடச் சற்று உயர்ந்தே ஒலிப்பதால், அட்டவணையில் உள்ள எண்ணோடு நிறுத்தாமல், விம்மல் அடங்கும் இடத்தைக் காதால் தேட வேண்டும்.

பியானோவில் கை வைப்பவர்களுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஒரு பெரிய பியானோவின் சட்டம் தாங்கும் மொத்த இழுவிசையோ ஏறத்தாழ 20 டன். எனவே எதையும் மேலே இழுக்காதீர்கள், இறக்குங்கள். 11-ஆம் சீரிசையான 1210 வேண்டுமென்றால் 1174.66-இல் உள்ள கட்டையை 51 சென்ட் ஏற்றாமல், 1244.51-இல் உள்ள கட்டையை 49 சென்ட் இறக்கியே அந்த இடத்தை அடையலாம். முன்னதில் அந்தக் கம்பியின் இழுவிசை சுமார் 6 விழுக்காடு கூடுகிறது; பழைய கம்பி அதைப் பொறுக்காது. 13-ஆம் சீரிசைக்கும் அதேபோல் அதற்கு அடுத்து மேலே உள்ள கட்டையை 59 சென்ட் இறக்குங்கள். உரிய திருகி இல்லாமல் இடுக்கியால் ஆணிகளைத் திருகாதீர்கள். பழைய சுருதிக்குத் திருப்பிய பிறகும் அது சில நாட்களில் நழுவும், மறுபடியும் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால், அரங்கத்துக்கோ பள்ளிக்கோ சொந்தமான பியானோவில் உரியவரின் அனுமதி இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

கணினியில் வேலை செய்பவர்களுக்கு அறுந்துபோகக் கம்பி இல்லை என்பதால் கவனம் குறைகிறது. கணினியும் மின்னணு வாத்தியங்களும் இசைக் கட்டளைகளைப் பரிமாறும் மிடி முறையில், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டு கட்டளை அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்குங்கள், அல்லது சுருதி அட்டவணையை நேரடியாக ஏற்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சுருதியை அசைக்கும் கோரஸ், வைப்ராட்டோ ஆகிய விளைவுகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை நீங்கள் கணக்கிட்ட சென்ட் எதுவும் காதை எட்டாது. பாடகருக்குப் பியானோ ஒலியைக் காதில் கொடுத்துத் தூய காந்தாரத்தை எதிர்பார்க்காமல், மேற்சுரங்கள் நிறைந்த தம்பூரா ஒலியைக் கொடுங்கள்.

அப்படிப் பாடகர் பாடுபட்டுப் பிடித்த 7-ஆம் சீரிசையை, ஒலிக்கலவையின்போது குரலைத் திருத்தும் மென்பொருள் தானாகவே பன்னிரண்டு சுரங்களில் அருகிலுள்ள ஒன்றுக்கு இழுத்துவிடுவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். தயவுசெய்து அடிப்படை அதிர்வெண்ணையும் ஒவ்வொரு சுரத்தின் விகிதத்தையும் இசைக்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதி, பதிவுக்கு முன்பே ஒலிப்பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.