2100 என்ற எண்ணும் பாலாற்றுக் கரைக் கழனியும்

வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை பாலாற்றின் இரண்டு கரையிலும் கிணற்றுத் தண்ணீரையும் கழனி மண்ணையும் சோதித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அறிக்கையை நீட்டியதும் விவசாயி அதிலுள்ள எண்களையெல்லாம் தாண்டிப்போய்க் கடைசி வரியைத்தான் பார்ப்பார். "லிமிட்டுக்குள்ள இருக்குதா சார், தாண்டிப் போச்சா?" டேனரி (தோல் பதனிடும் ஆலை) நடத்துபவரும் அதையேதான் கேட்பார், அதிகாரியும் அதையேதான் கேட்பார். அந்த லிமிட்டை யார் போட்டார்கள், எதை மனத்தில் வைத்துப் போட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2100 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. டி.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் இதே டி.டி.எஸ். 500, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி.டி.எஸ்.ஸை 640ஆல் வகுத்தால் மண் பரிசோதனை அட்டையில் வருமே, அந்த ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) தோராயமாகக் கிடைக்கும். 2100க்கு 3.3 வரும். அந்தத் தண்ணீரையே திரும்பத் திரும்பப் பாய்ச்சினால், செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். ஓரளவு வடிகால் உள்ள நிலத்தில்கூட வேர்ப்பகுதியின் ஈ.சி. பாய்ச்சும் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். ஆக, 4.9. எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி மல்லாட்டை (நிலக்கடலை) 3.2 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் 29 சதவீதம் குறையும். நெல்லுக்கு எல்லை 3.0, குறைவது அலகுக்கு 12 சதவீதம்.

கூட்டிக் கழித்தால், சட்டத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்ட கழிவுநீர் கலப்பில்லாமல் கழனிக்குப் போனால் மல்லாட்டை பாதியாகிவிடும், நெல்லில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். மண்ணுக்கு மண், ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறலாம். ஆனால் "லிமிட்டுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவைக்கப்படும் விவசாயியின் கொல்லையில் ஏன் செடி குட்டையாக நிற்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதில் அறிவியல் எங்கே தப்புச் செய்தது? எங்கேயும் இல்லை. உப்பு எவ்வளவு, செடி எவ்வளவு தாங்கும் என்பது வரைக்கும் அறிவியல். எவ்வளவை அனுமதிக்கலாம் என்பது அரசின் முடிவு. அந்த முடிவில் செலவு, தொழில்நுட்பம், வேலைவாய்ப்பு எல்லாம் கலந்திருக்கும், கலந்திருக்கத்தான் வேண்டும். ஆம்பூரில் காலையில் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வண்டிகளைப் பார்த்தவர்கள் யாரும் இந்தத் தொழிலை இழுத்து மூடு என்று லேசாகச் சொல்லிவிட மாட்டார்கள். என் குறையெல்லாம், அரசின் முடிவை அறிவியலின் முடிவு போல எடுத்து வைப்பதுதான். அப்படி வைத்துவிட்டால் எதிர்க் கேள்வி கேட்க யாருக்கும் துணிவு வராது.

இன்னொன்று. இந்த மாதிரி வரம்புகளுக்குள் சொல்லப்படாத ஒரு அனுமானம் ஒளிந்திருக்கும். பிரிட்டனில் சாக்கடை நீருக்காக அமைத்த ராயல் கமிஷன் 1912இல் ஒரு வரம்பு சொன்னது. லிட்டருக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம். உலகம் முழுக்கப் பொறியாளர்கள் பாடமாகப் படித்த எண்கள் இவை. ஆனால் கழிவுநீரைப்போல் எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஆற்றில் ஓட வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தே இருந்தது. எண் ஊர் ஊராகப் பயணம் செய்தது, நிபந்தனை கப்பலிலேயே தங்கிவிட்டது போலும். பாலாறு நந்திமலையில் பிறந்து, வாயலூரில் கடலைத் தொடும் வரை 348 கிலோமீட்டர் போகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கிறது. எட்டு மடங்கு வேண்டாம், ஒரு மடங்கு தண்ணீருக்கு எங்கே போவது? நம் ஆற்றின் ஓட்டம் மணலுக்கு அடியில். அங்கே போன உப்பு வெள்ளம் வந்தால்தான் கொஞ்சம் நகரும்.

தமிழ்நாடு அரசு 1989 மார்ச் 30இல் போட்ட 213ஆம் எண் அரசாணை வேறு மாதிரி. ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசு தரும் புதிய ஆலைகள் கூடாது என்றது. 1998இல் வந்த இன்னொரு ஆணை பாலாறு உள்ளிட்ட முக்கிய ஆறுகளுக்கு அதை 5 கிலோமீட்டர் ஆக்கியது. நிலத்தடி நீர் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து நிற்குமா என்று என் நண்பர்கள் சிலர் கேலி செய்வார்கள். நிற்காதுதான். ஆனாலும் இந்த ஆணைகள் எனக்குப் பிடிக்கும். வி.ஏ.ஓ. ஒருவர் வரைபடத்தை விரித்து அளந்து சொல்லிவிடலாம். ஆய்வகம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். கொஞ்சம் முரட்டுத்தனமான விதி, ஆனால் ஏமாற்றுவது கடினம். அப்போதே நின்றுகொண்டிருந்த ஆலைகளை இது தொடவில்லை என்பதுதான் இதன் ஓட்டை.

அதை அடைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்ன தீர்ப்பு இன்று நாட்டின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடம். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் இருக்கும். வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கும் இருக்கும். டேனரிகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற கணக்கு. மண்ணை அள்ளி அரைத்துச் சலித்துச் சோதித்தவர்களின் வேலை தீர்ப்பின் தூணாக நிற்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அதைவிட முக்கியம், நிரூபிக்கும் பாரத்தை அந்தத் தீர்ப்பு இடம் மாற்றி வைத்தது. அதுவரை "என் கிணற்றை உன் ஆலைதான் கெடுத்தது" என்று விவசாயி நிரூபிக்க வேண்டும். நிலத்துக்கு அடியில் நடப்பதை நூற்றுக்கு நூறு நிரூபிப்பது எங்களாலேயே ஆகாத காரியம். பெரிய, மீட்க முடியாத சேதம் வரும் என்ற நிலை இருந்தால், அறிவியல் உறுதி முழுமையாக இல்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கேடு இல்லை என்று காட்ட வேண்டியது தொழில் செய்பவரே என்று நீதிமன்றம் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்பது இதுதான். கூடவே, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு. 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தபோது 20ஆவது பிரிவில் இந்த இரண்டும் நேரடியாகவே ஏறிவிட்டன. அந்தத் தீர்ப்பாயத்தில் நீதிபதிக்குப் பக்கத்தில் துறை வல்லுநரும் உட்காருகிறார்.

சரி, கழனிக்கு என்ன வந்தது? இழப்பீட்டைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2001 மார்ச்சில் தந்த முடிவில் 547 டேனரிகள், பாதிக்கப்பட்ட 29,193 பேர், மொத்தம் ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. 1991 ஆகஸ்டிலிருந்து 1998 கடைசி வரைக்கான சேதத்துக்கு இவ்வளவுதான். அதற்குப் பிறகும் உப்பு நிற்கவில்லை, வழக்கும் நிற்கவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. கெட்டது சரியாகும் வரை கெடுத்தவர் பொறுப்புத் தொடரும், அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டுப் பாலாற்றைக் கண்காணிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் 28 வருஷத்துக்கு மேல் இடைவெளி.

நடுவில் 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70ஐத் தாண்டினால் படுமோசம். 43 இடங்கள் தாண்டின. வேலூர் (வட ஆற்காடு) வாங்கியது 81.79. 2010 ஜனவரியில் அந்த இடங்களுக்குப் புதிய அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சையில் அதிக மார்க் வாங்கி வருத்தப்பட்ட மாவட்டம் நம்முடையது.

டேனரிகள் கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடிகட்டி, காய்ச்சி, தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பு ஆவியாகாது. கலப்பட உப்பாகவும் சேறாகவும் ஆலை வளாகத்திலேயே குவிகிறது. 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். எது உள்ளே வருகிறதோ அது எங்கேயாவது இருந்துதான் தீரும் என்பது சூழலியலின் அரிச்சுவடி. ஆகவே வாசலில் வரும் பச்சைத் தோலிலேயே கை வைக்க வேண்டும். தோல் கெடாமலிருக்க அப்பிவரும் உப்பை ஊறவைக்கும் முன்பே உதறி எடுப்பது, உப்பைக் குறைத்துத் தோலைக் காப்பது, பதனிடப் பயன்படும் குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவது ஆகியவற்றுக்குச் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழிகள் கண்டு வைத்திருக்கிறது. குழாயின் கடைசி முனையை அளக்கும் அக்கறையில் பாதியாவது இதற்கு வேண்டும் என்பது என் கருத்து.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தண்ணீரைக் கொண்டுவருபவர்கள் பலர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுவருகிறார்கள். அதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. மோட்டாரை ஓட விட்டு, ஈ.சி. எண் ஆடாமல் நிற்கும் வரை பொறுத்து, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். குரோமியத்துக்குத் தனி பாட்டில். நைட்ரிக் அமிலம் விட்டு ஆய்வகத்திலேயே தருவார்கள். சர்வே எண், கிணறா போரா, ஆழம், தேதி, நேரம் எல்லாம் பாட்டில் மேலேயே இருக்க வேண்டும். மே கடைசியில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை. ஒரு வருஷக் கணக்கை நம்பி யாரும் கொள்கை எழுத மாட்டார்கள்.

ஒப்பிட ஒரு கிணறும் வேண்டும். நம்முடையது பாறை மண். டேனரி எட்டிப் பார்க்காத ஊரிலும் தண்ணீர் கடினமாக இருக்கும். அதையும் இதையும் பிரித்துச் சொல்ல, ஆலைக்கு மேட்டுப்பக்கம் உள்ள கிணற்றின் எண்கள் தேவை. தோல் உப்பு என்றால் சோடியமும் குளோரைடும் சேர்ந்து தூக்கலாக வரும். ஆர்.ஓ. விற்க வருபவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டுவாரே, அது மொத்த உப்பை மட்டும்தான் சொல்லும். குரோமியத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆலையின் குழாயிலிருந்து நீங்களே பிடித்துவந்த தண்ணீர், தண்டிக்கும் வழக்கில் சாட்சியாகாது. 1974ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுக்க வேண்டும். உங்கள் அறிக்கையின் பயன், அந்த அதிகாரியை அங்கே வரவழைப்பது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து வருஷம் அவகாசம் உண்டு. மற்றத் தகராறுகளுக்கு ஆறு மாதம்தான்.

அப்புறம், அடங்கல். ஒவ்வொரு பசலியிலும் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டிலும்) எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதப்படுகிறது. நெல், பிறகு தென்னை, பிறகு தரிசு என்று ஒரே வயல் வருஷா வருஷம் இறங்கிவருவதை அதில் வரிசையாகப் பார்க்கலாம். நாங்கள் அளக்கத் தொடங்கும் முன்பே அரசே தன் கையால் எழுதி வைத்த சான்று அது. தண்ணீர் அறிக்கையோடு இதன் நகலையும் வைத்து மனுக் கொடுத்தால், "இயற்கையாவே உப்புத் தண்ணி" என்ற பதில் அவ்வளவு சுலபமாக வராது. நகல் கேட்கும்போது உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டுமில்லாமல், மேட்டுப்பக்கத்து ஒப்பீட்டுக் கிணறு இருக்கும் எண்ணுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.