தகவமைவுத் தலைமை: சொல் விளக்கம்

பணியிட மாற்றங்களைப் பற்றிய பேச்சில் 'அடாப்டிவ் லீடர்ஷிப்' என்னும் தொடர் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. சூழல் மாறும்போது தானும் மாறி, உடன் பணிபுரிவோரையும் அம்மாற்றத்துக்கு ஆயத்தப்படுத்தும் தலைமை என்பது இதன் பொருள். தமிழில் இதனைத் 'தகவமைவுத் தலைமை' எனலாம்.

'அடாப்ட்' என்னும் ஆங்கில வினை, 'பொருத்துதல்' எனப் பொருள்படும் 'ஆப்டாரே' என்ற லத்தீன் வினையோடு 'ஆட்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது. பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு பொருளை வேறொன்றுக்குப் பொருந்தச் செய்வதையே அது குறித்தது. ஒருவர் தாமே சூழலுக்கேற்ப மாறிக்கொள்வது என்னும் பொருள் பிற்காலத்தது. 19-ஆம் நூற்றாண்டில் உயிரியல் இச்சொல்லைப் பரவலாக்கியது. ஆனால் உயிரியலில் பொருந்தி வருவது தனியொரு விலங்கன்று. பல தலைமுறைகளின் ஊடாக இனமே மெல்ல மாறுகிறது, அதில் யாருடைய முடிவும் இல்லை. தலைவருக்கோ தலைமுறைகள் கிடைப்பதில்லை, சில மாதங்களே கிடைக்கின்றன. அவற்றுக்குள் அவர் அறிந்து, முடிவெடுத்து மாறவேண்டும். உயிரியல் உவமையை நிர்வாகத்தில் அப்படியே பொருத்திப் பேசுவோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

நிர்வாகவியலில் இக்கருத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹைஃபெட்ஸ். 1994-இல் வெளியான தம் நூலில் அவர், தெரிந்த தீர்வைக் கொண்டே முடிக்கக்கூடிய தொழில்நுட்பச் சிக்கல்களையும், சம்பந்தப்பட்டவர்களின் பழக்கமும் மதிப்பீடுகளும் மாறினாலன்றித் தீராத சிக்கல்களையும் பிரித்துக் காட்டினார். ஓர் அலுவலகத்தில் கோப்புகள் எல்லாம் மென்பொருளுக்கு மாற்றப்படுகின்றன என்று கொள்வோம். கணினிகளை வாங்குவதும் பயிற்சி வகுப்பு நடத்துவதும் முதல் வகை. எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை நினைவிலிருந்தே சொல்லி அதனாலேயே மதிக்கப்பட்ட மூத்த எழுத்தர், பயிற்சி முடிந்த பின்னும் மேசை இழுப்பறையில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவையும் கையாலும் எழுதி வருகிறார். இது இரண்டாம் வகை. அந்தக் குறிப்பேட்டைப் பறிமுதல் செய்யும் மேலாளர் சிக்கலை முதல் வகையாகவே பார்க்கிறார். அதில் எழுதியிருப்பதைப் புரட்டிப் பார்த்து, மென்பொருளில் விடுபட்ட விவரங்கள் எவை என்று அவரிடமே கேட்டு, அவற்றைச் சேர்க்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைப்பவரிடம்தான் நாம் பேசும் பண்பு இருக்கிறது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது, கசப்பான செய்தி தம்மிடம் வந்துசேரத் தடையில்லாமல் வைத்திருப்பது, தம் முடிவு பிழைத்தால் காலந்தாழ்த்தாமல் திருத்துவது ஆகியனவும் இப்பண்பில் அடங்கும்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'தகவு' என்பது 'தகு' என்னும் அடியிலிருந்து வந்தது. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்னும் குறளில் (114) அது நடுவுநிலைமையைக் குறிக்கிறது. ஆகவே இச்சொல்லில் பொருத்தம் மட்டுமின்றித் தகுதியும் நேர்மையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. லத்தீன் மூலத்தில் பொருத்துதல் மட்டுமே உண்டு. காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாய்பவரைத் தகவமைந்தவர் என்று சொல்ல இச்சொல் இடங்கொடாது என்பது என் கருத்து.

'அமைதல்' தன்வினை, 'அமைத்தல்' பிறவினை. முன்னதிலிருந்து 'தகவமைவு', பின்னதிலிருந்து 'தகவமைப்பு' வரும். பாடநூல்களால் பரவலாக அறிமுகமானது 'தகவமைப்பு'. தலைவரின் பண்பைக் குறிக்கத் 'தகவமைவு' என்பதையும், நிறுவனத்தின் நடைமுறைகளைப் புதிய நிலைக்கேற்ப அவர் திருத்தியமைப்பதைக் குறிக்கத் 'தகவமைப்பு' என்பதையும் ஆண்டால் குழப்பம் இராது. தாம் மாறாமல் பிறரை மட்டும் மாற்ற முனைபவரிடம் பின்னது மட்டுமே இருக்கும். அது நீண்டநாள் நிலைப்பதும் அரிது.

வேறு சொற்களும் வழக்கில் உள்ளன. 'அனுசரித்துப் போதல்' உறவுகளுக்குப் பொருந்தும்; ஆனால் அதில் விட்டுக்கொடுத்தலே மேலோங்குகிறது. 'வளைந்து கொடுத்தல்' என்றால் கொள்கையையும் வளைத்துவிட்டாரோ என்ற ஐயம் எழும். 'நெகிழ்வு' பண்பின் ஒரு கூற்றை மட்டும் சொல்கிறது. பேச்சுவழக்கில் உள்ள 'ஈடுகொடுத்தல்' அழகான சொல்தான். எனினும் அது வந்த மாற்றத்தைத் தாங்கி நிற்பதையே காட்டுகிறது, வரப்போவதை முன்னுணர்வதைக் காட்டுவதில்லை. இலங்கைத் தமிழில் வழங்கும் 'இசைவாக்கம்' குறையற்ற சொல். அங்குள்ள வாசகர்களுக்கு எழுதுவோர் அதையே தயக்கமின்றிக் கையாளலாம்.

தொடரின் இரண்டாம் பகுதியைச் சிலர் 'தலைமைத்துவம்' என எழுதுகின்றனர். 'தலைமை' என்பதிலேயே பண்புப்பெயர் விகுதியான 'மை' இருப்பதால், அதன்மேல் 'துவம்' சேர்ப்பது மிகை.