டைம்யோ: பெரிய பெயரா, பெரிய வயலா?

பழைய ஜப்பானில் ஒரு வட்டாரத்தைத் தன் கையில் வைத்து ஆண்ட தலைவர்தான் டைம்யோ; அவரைத் தமிழில் என்னவென்று சொல்வது? இந்த ஜப்பானியச் சொல்லைப் பிரித்தால் ‘டை’ பெரிய, ‘ம்யோ’ பெயர். உடனே ‘பெரும்புகழ் பெற்றவர்’ என்று எழுதத் தோன்றும், பலர் சறுக்குவது அங்கேதான். இது புகழைக் குறிக்கும் பெயர் இல்லை, வயலுக்கு உரியவரின் பெயர். இடைக்கால ஜப்பானில் வரிக்காக ஒருவர் பெயரில் பதிந்த நிலத்தை ‘ம்யோடென்’, அதாவது பெயர்வயல் என்றார்கள். ஏறக்குறைய பட்டா மாதிரி. அப்படி நிறைய வைத்திருந்தவர் டைம்யோ. ஆக, வேர்ப்பொருளுக்கு நெருக்கமான தமிழ் ‘பெருநிலக்கிழார்’.

ஆனால் 15ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த டைம்யோக்களை நிலக்கிழார் என்றால் சிரிப்பார்கள். ஹோஜோ சோவுனையே பாருங்கள். பிற்கால ஹோஜோ குலத்தை நிறுவியவர் என்று புகழ்பெற்ற இவர் உயிரோடு இருந்தவரை ஹோஜோ என்ற பெயரை வைத்துக்கொள்ளவே இல்லை! இசே ஷின்குரோ என்பதுதான் பெயர், துறவு பூண்டபின் சோஸுய். கியோட்டோவில் ஷோகனிடம், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவரிடம், அலுவல் பார்த்த குடும்பம். உடன்பிறந்தவள் வாழ்க்கைப்பட்ட இமாகவா வீட்டில் வாரிசுச் சண்டை வந்தபோது அவள் மகன் உஜிசிகா பக்கம் நின்று அவனைத் தலைவனாக்கினார், கைம்மாறாக ஒரு கோட்டை கிடைத்தது. 1493இல் இசு மாகாணத்துக்குள் படையோடு புகுந்தார், அப்புறம் ஒடவாரா கோட்டை, 1516இல் மியுரா குலத்தை ஒழித்துக்கட்டி சகாமி மாகாணம் முழுவதும். இதற்கு நடுவே 1506இல் சகாமியில் நிலத்தை அளந்து கணக்கெடுக்கவும் செய்தார். வாளைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1519இல் இறந்தார். மகன் உஜிட்சுனாதான், 1333இல் அழிந்துபோன பழைய குலமான காமகுரா ஹோஜோக்களின் பெயரை எடுத்து வீட்டுக்குச் சூட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்குக் ‘குறுநில மன்னர்’ பொருந்தும், ஜப்பானியச் சொல்லில் ‘பெரிய’, தமிழில் ‘குறு’ என்பது வேடிக்கைதான். ‘சிற்றரசர்’ என்றால் மேலே ஒரு பேரரசருக்கு அடங்கி இருப்பவர் என்ற வாடை வரும். அதை 1603க்குப் பிந்தைய, ஷோகன்கள் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட எடோ காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது டைம்யோக்கள் ஷோகனுக்குக் கட்டுப்பட்டவர்கள், தகுதிக்கும் கணக்கு உண்டு: ஆண்டுக்கு 10,000 கொகு அரிசி மதிப்புள்ள நிலமாவது இருக்க வேண்டும். ஒரு கொகு சுமார் 180 லிட்டர் அரிசி, ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடப் போதும் என்று வைத்த அளவு.