கண்ணாடி மூடியில் அரை மில்லிமீட்டர் சட்டம்

1939 ஏப்ரல் 1 அன்று முதன்முதலாகப் பறந்த ஜப்பானின் மிட்சுபிஷி ஜீரோ போர் விமானத்தில், விமானியின் தலைக்கு மேலிருந்த மூடி ஒற்றைக் கண்ணாடி அன்று. பல சிறு பலகங்களை உலோகச் சட்டங்கள் இறுகப் பிடித்திருந்த நீண்ட கூண்டு அது. வளைந்த பெரிய ஒளிபுகு பலகத்தை ஒரே துண்டாக உருவாக்குவது அப்போது எளிதாக இல்லாததால், அக்கால விமானங்கள் பலவற்றில் இத்தகைய சட்டக் கூண்டுகளே இருந்தன. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் வந்த அமெரிக்க மஸ்டாங் பி-51டி விமானத்தில் குமிழ் போன்ற மூடி வந்துவிட்டபடியால், அதன் சிறு பிளாஸ்டிக் மாதிரியைச் செய்பவருக்குச் சட்டம் தீட்டும் வேலை மிகக் குறைவு. ஜீரோவைச் செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. உண்மை விமானத்தில் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சட்டம் 1/72 அளவு மாதிரியில் அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அந்த அகலத்தில் தூரிகையால் நேர்கோடு இழுக்கும் கைகள் இருக்கலாம். என் கை அவற்றுள் ஒன்றன்று.

மாதிரியின் மற்றப் பாகங்களில் பிழை நேர்ந்தால் தேய்த்துவிட்டு மீண்டும் வண்ணம் அடிக்கலாம். மூடியில் அது எளிதன்று. பெரும்பாலான மாதிரிகளில் இந்த மூடி தெளிவான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் இதற்குச் சுமார் 1.59. காற்றிலிருந்து இத்தகைய பொருளுக்குள் நேராக நுழையும் ஒளியில் ஏறத்தாழ 5 விழுக்காடு பரப்பிலேயே எதிரொளித்துவிடும். பரப்பு வழவழப்பாக இருக்கும்வரை அந்த எதிரொளிப்பு ஒரே திசையில் போவதால் நமக்கு உறுத்துவதில்லை. ஒரு நுண்கீறல் விழுந்ததும் அதன் சுவர்கள் ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்க, கீறல் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் வண்ணம் தொடுவதற்கு முன்பே மூடியைத் தரைக்குப் போடும் தெளிவான அக்ரிலிக் மெருகில் முக்கி எடுத்து, தூசி படாமல் கவிழ்த்து உலர வைக்கிறார்கள். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. அது கீறலுக்குள் நிரம்பிவிட்டால், கீறலின் சுவரில் ஒளி சந்திப்பது காற்றையன்று, பாலிஸ்டைரீனின் எண்ணுக்கு மிக அருகிலுள்ள எண் கொண்ட மற்றொரு பொருளை. அங்கே எதிரொளிப்பு 5 விழுக்காட்டிலிருந்து சுமார் 0.1 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. கீறல் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. பஜ்ஜி சுற்றிய காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளியைக் கடத்துவதும் இதே காரணத்தால்தான்: நார்களுக்கு இடையிலிருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது மறைப்பு. கண்ணாடியாகத் தெரியவேண்டிய பகுதிகளை மெல்லிய காகித மாஸ்கிங் டேப்பால் மூடி, சட்டத்தை மட்டும் திறந்துவைத்து, வண்ணத்தைக் காற்றழுத்தத்தால் தூவும் ஏர்பிரஷால் அடிக்கிறோம். சொல்லும்போது எளிது; ஆனால் டேப்பை வளைந்த மூடியில் ஒட்டும்போது வடிவியல் குறுக்கே நிற்கிறது. காகிதத்தைப் பாட்டிலின் உடலில் சுருக்கமில்லாமல் சுற்றலாம், பந்தின்மேல் சுற்ற முடியாது. இரு திசைகளிலும் வளைந்த பரப்பைத் தட்டையான தாளாக, நீட்டாமலும் கிழிக்காமலும் விரிக்க இயலாது என்பதை 1827-இல் ஜெர்மன் கணித அறிஞர் கவுஸ் கணிதமாக நிறுவினார். டேப்பின் அகலம் குறையக் குறைய இந்தத் தகராறும் குறையும். ஆகவே பலகத்தின் ஓரங்களில் ஒரு மில்லிமீட்டர் அகல இழைகளை வெட்டி ஒட்டிவிட்டு, நடுவில் மிஞ்சும் இடத்தை ரப்பர்போல் உலரும் திரவ மறைப்பால் நிரப்புவதே, என் கருத்தில், நம்பகமான வழி. ஒவ்வொரு பலகத்துக்கும் வெட்டியே விற்கப்படும் மறைப்புத் தாள்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். அவையும் வளைவில் சிறிது முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

ஒட்டியதும் டேப்பின் விளிம்பை மழுங்கிய பல்குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கோடு நன்றாக ஒட்டிய இடத்தில் டேப்பின் நிறம் சற்றே அடர்ந்து தெரியும். ஒட்டாத இடம் வெளிறியே இருக்கும், ஏனெனில் அங்கே அடியில் காற்று சிக்கியிருக்கிறது. அந்த வெளிறிய புள்ளி சட்டத்தின் ஓரத்தில் இருந்தால் வண்ணம் அதன் வழியேதான் உள்ளே புகும்.

அது புகுவதற்குத் தள்ளிவிட யாரும் தேவையில்லை. மெல்லிய இடைவெளியில் திரவத்தை இழுப்பது அதன் பரப்பு இழுவிசையே. இடைவெளி பாதியானால் இழுக்கும் அழுத்தம் இரு மடங்காகும். வண்ணத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் எனவும், டேப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) இடைவெளி எனவும் வைத்துக் கணக்கிட்டால், வண்ணம் இரு பரப்புகளையும் முழுமையாக நனைக்கும் நிலையில் அந்த அழுத்தம் 6,000 பாஸ்கல் வரும். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் அது. தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய ஓர் இடுக்கு இவ்வளவு வலுவாக உறிஞ்சுமென்றால், ஈரமாக ஒரே தடவையில் அடித்த வண்ணம் கோட்டைத் தாண்டிப் படர்வதில் வியப்பில்லை.

இதற்கு மாற்று, வண்ணத்துக்கு ஓடும் அவகாசமே தராமலிருப்பதுதான். மென்தூறலாக அடித்த வண்ணத்தின் துளிகள், பரப்பைத் தொடும்போதே கரைப்பானில் பெரும்பகுதியை இழந்து கெட்டியாகத் தொடங்கிவிடுகின்றன. இடுக்கு இழுத்தாலும் அவை நகர்வதில்லை. இதனினும் பாதுகாப்பானது, முதல் பூச்சாகத் தெளிவான அக்ரிலிக்கையே டேப் விளிம்பின்மேல் மெல்ல அடித்துவிடுவது. கசிய வேண்டியது எதுவோ அது நிறமின்றிக் கசிந்து, இடுக்கை அடைத்துக்கொண்டு அங்கேயே உறைந்துவிடும்.

பின்னர் வரும் வண்ணங்களின் வரிசையைப் புதியவர்கள் பலர் தலைகீழாக எண்ணிவிடுகிறார்கள். மூடியின் வெளிப்புறத்தில்தான் அடிக்கிறோம், ஆனால் உள்ளிருந்து பார்க்கும்போது பிளாஸ்டிக்கின் ஊடாகத் தெரிவது முதலில் அடித்த பூச்சு. ஆகவே விமானி அறையின் உள்நிறம் முதலில் வரவேண்டும்: பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்குச் சாம்பல் கலந்த பச்சை, ஜெர்மனியின் பிற்கால மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்குக் கருஞ்சாம்பல். அதன்மேல்தான் விமான உடலின் நிறம். இரண்டு பூச்சுகளும் சேர்ந்தால் பின்னிருந்து வரும் ஒளியும் மறைக்கப்படும். ஒரே மெல்லிய பூச்சோடு நிறுத்தினால், ஜன்னலருகே வைத்த மாதிரியில் சட்டங்கள் விளக்குத் திரைபோல் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வலுவான கரைப்பானுள்ள வண்ணங்களை இங்கே தவிர்ப்பது நல்லது. வார்ப்பில் உறைந்துபோன உள்ளழுத்தம் கரைப்பான் பட்டதும் நுண்விரிசல்களாக வெடிக்கக்கூடும். மூடியை உடலோடு ஒட்டச் சூப்பர் குளூவும் வேண்டாம். ஒருமுறை அவசரத்தில் ஒட்டிவிட்டு மறுநாள் காலை பார்த்தபோது, என் ஜீரோவின் கண்ணாடிகள் உள்ளிருந்து பனி பிடித்ததுபோல் வெளுத்திருந்தன. அந்தப் பசையின் ஆவி, ஈரம் பட்ட இடங்களில் படிந்து வெண்ணிறப் பிளாஸ்டிக்காக மாறுகிறது. தடயவியலில் கைரேகையை வெளிக்கொணர உதவுவதும் இதே வினைதான், என் மூடியில் விரல் பட்ட இடங்களும் தெளிவாகவே தெரிந்தன. வெள்ளைப் பசை மெதுவாக உலரும், ஆனால் மங்கலாக்காது.

டேப்பை உரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், அதன்மேலேயே பின்னோக்கி மடித்து, பரப்பை ஒட்டியவாறு மெதுவாக இழுக்க வேண்டும். அப்போது விசை ஒரே மெல்லிய கோட்டில் குவிந்து, சட்டத்துக்கும் டேப்புக்கும் நடுவே பாலம் போட்டிருக்கும் வண்ணப் படலம் விளிம்பிலேயே அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் எங்காவது ஒரு துளி கசிந்திருக்கும். எனக்கு இதுவரை கசியாமல் இருந்ததில்லை. கத்தியைத் தேட வேண்டாம். பல்குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி, தண்ணீரில் தொட்டு, அந்த இடத்தை மெல்லச் சுரண்டினால் போதும்: முழுதும் இறுகாத வண்ணத்தை வழிப்பதற்கு மரத்தின் கடினம் போதுமானது, பாலிஸ்டைரீனைக் கீறுவதற்குப் போதாது.