மூன்றாவது மாடிக்கும் தெள்ளுப்பூச்சி ஏறும்

போன வாரம் ஒரு ராத்திரி, கிளினிக்கை மூடுகிற நேரத்தில் ஒரு பையன் துண்டில் சுற்றிப் பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். கூட அவன் ஆயா. பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்றாவது மாடியில் வீடு. "ரெண்டு நாளா பால் குடிக்கல மேடம், தூங்கிட்டே இருக்கு" என்றான். துண்டைப் பிரித்தேன். ஐந்து வாரக் குட்டி, எடை 410 கிராம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் ரோஸ் நிறமே இல்லை, வெளுத்துப்போய் இருந்தது. வயிற்று முடியை விலக்கினால் கொசகொசவென்று தெள்ளுப்பூச்சி. வெள்ளைத் துண்டு முழுக்க மிளகுத்தூளைத் தூவின மாதிரி கருப்புப் பொடி.

குட்டிக்குச் சூடு கொடுத்து, குளுக்கோஸ் கொடுத்து, ஒரு பக்கம் பேன் சீப்பால் வாரிக்கொண்டே, ரத்தம் ஏற்ற வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆட்டோ சொன்னோம். ஆட்டோ வருவதற்குள் குட்டியின் மூச்சு நின்றுவிட்டது.

இந்த மாதத்தில் இது மூன்றாவது குட்டி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"இத்துனூண்டு பூச்சி கடிச்சா உயிர் போவுமா டாக்டரம்மா?" என்று ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. 410 கிராம் குட்டியின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 25 மில்லிதான். ஐந்து டீஸ்பூன். எழுபது பெண் பூச்சிகள் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லி ரத்தத்தை உறிஞ்சிவிடும். அன்று ராத்திரி நான் சீப்பில் வாரியதே நூறைத் தாண்டியது, அதற்கு மேல் எண்ணவில்லை. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். துண்டில் இருந்த கருப்புப் பொடி வேறொன்றும் இல்லை, பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். ஈரப் பஞ்சில் கொஞ்சம் பொடியை வைத்துப் பையனுக்குக் காட்டினேன். ஒரு நிமிஷத்தில் பஞ்சு செம்பழுப்பாக ஊறியது. "இது ரத்தமா மேடம்?" என்று கேட்டவன் அப்புறம் எதுவும் பேசவில்லை.

சரி, எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இறந்துபோன மூன்று குட்டிகளின் வீட்டிலும் ஒரே பேச்சுதான். "எங்க வீட்டுப் பூனை வெளியிலயே போவாது." நாய் வளர்ப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "ஃபிளாட்டை விட்டு எறங்காது மேடம், கட்டில்லதான் தூங்கும், அதுக்கு எப்படி வரும்?" மணலி, மாதவரம் பக்கம் பெரிய காம்பவுண்டு வீட்டில் இருப்பவர்கள்கூட ஓரளவு கவனமாக இருக்கிறார்கள். மாடியில், நாலு சுவருக்குள் வளர்ப்பவர்கள்தான் மருந்தே போடுவதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் நாய் வெளியே போகாது. ஆனால் நீங்கள் போகிறீர்கள். நம்ம ஏரியாவில் வீடுகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மொட்டை மாடியிலிருந்து பக்கத்து மொட்டை மாடிக்குப் பூனை ஒரே தாவு. பொதுப் படிக்கட்டு. படிக்குக் கீழே பைக்குகளுக்கு நடுவில் தெருநாய் படுத்திருக்கும். வீடு கட்டுகிறவர்கள் வாசலில் மணலைக் கொட்டிவைத்தால், அன்றைக்கே நாலு நாய்கள் அதில் குழி பறித்துப் படுத்துவிடும். சாக்கடையில் பெருச்சாளி. இவை எல்லாவற்றின் மேலும் தெள்ளுப்பூச்சி இருக்கலாம். பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். அந்த முட்டை முடியில் ஒட்டி நிற்காது. வழவழவென்று இருப்பதால், விலங்கு நடக்கிற இடமெல்லாம், உதறுகிற இடமெல்லாம் உப்பைத் தூவின மாதிரி உதிரும். படிக்கட்டில் விழும், மணலில் விழும், வாசல் மிதியடியில் விழும். அதை மிதித்துக்கொண்டுதான் நீங்களும் நானும் வீட்டுக்குள் போகிறோம். மூன்றாவது மாடி என்பது தெள்ளுப்பூச்சிக்கு ஒரு தடையே இல்லை.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். புது வாடகை வீட்டுக்குக் குடிபோன இரண்டாம் நாளே கால் முழுக்கக் கடி. முன்னால் இருந்தவர்கள் நாய் வளர்த்திருப்பார்கள், வீடு இரண்டு மாதம் பூட்டியிருக்கும். பூச்சியின் கூட்டுப்புழு தன்னைச் சுற்றிப் பட்டு மாதிரி ஒரு கூடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆள் நடக்கிற அதிர்வும், உடம்புச் சூடும், நாம் விடுகிற மூச்சும் தெரிந்ததும் மொத்தமாக வெளியே வரும். பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டாலும் டைல்ஸ் இடுக்கிலும் அலமாரி அடியிலும் அது இருக்கும்.

அந்த ஆயாவிடம் கேட்டபோது விஷயம் தெளிவானது. காசிமேட்டு மீன் வாங்கினால், கழுவும்போது தலையையும் குடலையும் படிக்கட்டுப் பூனைக்குப் போடுவாராம். அது தினமும் வாசல் வரைக்கும் வந்து உட்காரும். வீட்டுப் பூனையும் அதுவும் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூக்கோடு மூக்கு வைத்துக்கொள்ளும். ஆயா மேல் தப்பில்லை. தெருப் பூனைக்குச் சோறு போடுவதை நிறுத்தச் சொல்ல நான் யார்? வீட்டுப் பூனைக்கு மாதாமாதம் மருந்து போட்டிருந்தால் போதும், குட்டியும் பிழைத்திருக்கும்.

மறுநாள் காலையில் தாய்ப் பூனையையும் மிச்சமிருந்த மூன்று குட்டிகளையும் ஒயர் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பூனை குட்டி போட்ட துணியையும் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். பழைய நூல் புடவை, நாலாக மடித்தது. வெள்ளை டிரேயில் வைத்து விளக்குக்கு அடியில் பிரித்தேன். மடிப்புக்குள் உப்புக்கல் மாதிரி முட்டைகள், கருப்புப் பொடி. அதற்கு நடுவில் நூல் துணுக்குகள் போல மெல்லிய புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடுத்த மடிப்புக்குள் போய் ஒளிந்தன. பையன் குனிந்து பார்த்துவிட்டு, "இது மேலதான் நானும் படுப்பேன் மேடம்" என்றான்.

அந்தப் புடவையைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். உடம்பில் ஓடுகிற பூச்சி மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்துதான். மற்ற தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில்தான் கிடக்கின்றன. "போன வாரம்தான் மருந்து போட்டேன், திரும்பவும் பூச்சி வருது, மருந்து டூப்ளிகேட்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். மருந்து சரியாகத்தான் வேலை செய்கிறது. இன்றைக்குப் பார்க்கிற பூச்சி, நேற்று உங்கள் சோபாவுக்கு அடியில் கூட்டிலிருந்து வெளியே வந்த பூச்சி. கூட்டுக்குள் இருப்பதை எந்த ஸ்பிரேயும் சுலபத்தில் தொடாது. அது வெளியே வந்து, மருந்து போட்ட உடம்பில் ஏறி, முட்டையிடாமல் சாக வேண்டும். அதனால்தான் குறைந்தது மூன்று மாதம் விடாமல் போடச் சொல்கிறோம். ஒரு மாதம் போட்டுவிட்டு நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"வெயில் காலத்துக்கு மட்டும் போட்டால் போதுமா?" என்றும் கேட்கிறார்கள். குளிர் நாடுகளில் சீசன் பார்க்கலாம். நமக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்த இந்த ஊர் தெள்ளுப்பூச்சிக்குத் தோதான ஊர். மூன்று, நான்கு வாரத்தில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரைக்கும் ஒரு சுற்று முடிந்துவிடும். இங்கே பன்னிரண்டு மாதமும் சீசன்தான்.

குளிப்பாட்டுவதைப் பற்றி ஒரே வரி: ஷாம்பூ அன்றைக்கு இருக்கிற பூச்சியைப் போக்கும், நாளைக்கு ஏறப்போகிற பூச்சியைத் தடுக்காது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கம் நாய் மேல் எது ஓடினாலும் "உண்ணி" என்கிறோம். இரண்டும் வேறு வேறு. தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பாக, துள்ளி ஓடும். உண்ணி காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் கடித்துப் பிடித்துக்கொண்டு, ரத்தம் குடித்து மணத்தக்காளி மாதிரி உப்பும். சுவரில் ஏறுவது உண்ணிதான். எர்லிச்சியா, பேபிசியா என்று நாங்கள் சொல்கிற காய்ச்சலைக் கொடுப்பதும் உண்ணிதான். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். தெள்ளுக்கு வேலை செய்கிற எல்லா மருந்தும் உண்ணிக்கு வேலை செய்யாது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

தெள்ளுப்பூச்சியால் வருகிறவற்றில் நான் தினம் பார்ப்பது அலர்ஜி. வால் அடியிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் முடி கொட்டி, சொறிந்து புண்ணாகி வரும் நாய்களுக்குப் பாதி வீடுகளில் மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், வாரக்கணக்கில் அரிக்கும். அடுத்தது நாடாப்புழு. மலத்திலோ ஆசனவாய் ஓரத்திலோ அரிசி மாதிரி நெளிந்தால் அதுதான். நாய் தன்னைக் கடித்துச் சொறியும்போது பூச்சியையும் விழுங்கும், புழு அப்படித்தான் உள்ளே போகிறது. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் குடற்புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடியும் வரும். தரையில் தவழ்கிற குழந்தை தவறிப்போய் ஒரு தெள்ளை வாயில் போட்டுக்கொண்டால் குழந்தைக்கும் வரலாம். பூனை பிராண்டினால் வருகிற காய்ச்சலின் கிருமி பூனைக்குப் பூனை பரவுவதும் இந்தப் பூச்சியால்தான்.

இனி, கெஞ்சிக் கேட்கிற இடம். நாய்க்கு வாங்கின சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். "நாய்க்கு முழுசு, பூனைக்குப் பாதி" என்று கடையில் சொன்னார்கள் என்று ஒருவர் போட்டுவிட்டுக் கொண்டுவந்தார். கூடைக்குள் பூனை விறைத்து விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனையின் உடம்பால் அதைச் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது, வலிப்பு வந்து செத்தும் போகலாம். அந்தப் பூனை மூன்று நாள் கழித்து எழுந்து நின்றது. எல்லாப் பூனையும் அப்படி எழுந்துவிடாது. அட்டையைப் படியுங்கள், பூனைப் படம் இல்லையென்றால் தொடாதீர்கள். முயல் வைத்திருப்பவர்களே, ஃபிப்ரோனில் என்ற தெள்ளு மருந்து முயலுக்கு ஆகாது, அதையும் மனதில் வையுங்கள். சீமெண்ணெய், பினாயில், கரப்பான் ஸ்பிரே இதெல்லாம் உடம்பில் தடவுகிற பொருளா? நக்கித்தானே குளிக்கும் பூனை! பூண்டு கொடுத்தால் பூச்சி வராது என்று வீடியோவில் பார்த்துவிட்டுக் கொடுக்கிறவர்களும் நிறுத்துங்கள், பூண்டு நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும்.

சொட்டு மருந்து என்றால் கழுத்துக்குப் பின்னால், அதுவே நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படுகிற மாதிரி விடுங்கள். முடி மேல் ஊற்றினால் காசு வீண். மருந்து விடுவதற்கு முன் இரண்டு நாள், விட்ட பின் இரண்டு நாள் குளியல் வேண்டாம். மாத்திரைதான் சுலபம் என்றால் மாதத்துக்கு ஒன்றும் இருக்கிறது, மூன்று மாதம் தாங்குவதும் இருக்கிறது. நாய்க்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். எடை பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் நாலு பிராணி இருந்தால் நாலுக்கும் ஒரே நாளில். ஒன்றை விட்டால் அந்த ஒன்றே மற்ற மூன்றுக்கும் கொடுக்கும். படுக்கிற துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கட்டிலடி, சோபா இடுக்கு, பீரோ பின்னால் பெருக்குங்கள். பெருக்கின குப்பையை மூலையில் சேர்த்துவைக்காமல் கட்டி வெளியே போடுங்கள்.

எட்டு வாரத்துக்குள் இருக்கும் குட்டிகளுக்கு நீங்களாக எந்த மருந்தும் போட வேண்டாம். பேன் சீப்பு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், பொறுமை. வாரி வாரி அதில் முக்குங்கள். தாய்க்கு மட்டும் டாக்டரைக் கேட்டு மருந்து போடுங்கள். தினம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பி வாருங்கள்.

மாதாமாதம் செலவு செய்ய முடியாது என்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர், எனக்குத் தெரியும். கூச்சப்படாமல் சொல்லுங்கள். எடைக்கு ஏற்ற, கைக்கு எட்டுகிற மருந்து ஏதாவது ஒன்று பார்த்துத் தர முடியும். ரத்தம் ஏற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அந்த ஒயர் கூடைக் குட்டிகளில் இரண்டு நன்றாகத் தேறிவிட்டன. மூன்றாவது கருப்புக் குட்டி கொஞ்சம் மெலிவு, நேற்று 460 கிராம், ஈறில் இப்போதுதான் லேசாக ரோஸ் தெரிகிறது. தாய்க்கு அடுத்த மருந்து எப்போது என்று பையன் கேட்டான். தேதி சொன்னேன். கையில் பேனாவால் எழுதிக்கொண்டான், வீட்டுக்குப் போய் காலண்டரில் குறிப்பானாம்.